லயம் முழுக்கக் கேட்கட்டும்

வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போன மனைவி லோகேஸ்வரி அடுத்த மாதமே தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து யோகராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் போனாலே அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு விலகினாள். பண்டாரவளை ஏஜென்ட்டைப் பிடித்துக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"உனக்கு எய்ட்ஸாமே! போன இடத்துல என்னடி கூத்தடிச்ச? கங்காணி குடும்பத்து மானத்தையே வாங்கிட்டியே! கிளம்பு, உங்கம்மா வீட்டுக்கு!"

"மெதுவாப் பேசுங்க. லயம் முழுக்கக் கேட்கும்."

"கேட்கட்டும்! உன் யோக்கியதை எல்லாருக்கும் தெரியட்டும்!"

"வேணாங்க. பிளேன்ல இருந்து இறங்கின மறுநாளே, வேலைக்கு அனுப்புறதுக்கு முந்தியே, ரத்தம் எடுத்துப் பார்த்துட்டாங்க. அதுவரைக்கும் உங்களைத் தவிர வேற ஆம்பிளையை எனக்குத் தெரியாது."

யோகராஜ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.