தோப்புக்காரரின் குரல்

வாடிப்பட்டி செல்போன் கடையின் கண்ணாடி மேசைமேல் மதிய வெயில் பட்டுக் கண் கூசுகிறது. தென்னந்தோப்பு வேலைக்குப் போகும் ராக்கம்மாள் இதுவரை பட்டன் போன்தான் வைத்திருந்தாள். மட்டைக் கறை ஏறிய விரலால் மூன்று ஸ்மார்ட்போன்களையும் தொட்டுப் பார்க்கிறாள். கேமராவைப் பற்றி விற்பனையாளன் இம்மானுவேல் அளப்பது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. "பேசுறதப் பிடிக்குமா தம்பி?" அவன் மூன்றிலும் ரெக்கார்டரைப் போட்டுத் தருகிறான். அவள் அவற்றைச் சோற்றுக் கூடைக்குள் வைத்துத் துண்டால் மூடுகிறாள். "இப்ப என்னைய வையி, நல்லாத் திட்டு." அவன் திகைக்கிறான். அவளே தொடங்குகிறாள்: தோப்புக்காரர் தினமும் அவளைத் திட்டும் அதே சொற்கள், அதே இழுப்பு. திட்டி முடித்ததும் துண்டை விலக்குகிறாள். "நான் இப்படிப் பேசவே இல்லைன்னு ஊர்க்கூட்டத்துல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டான். அம்புட்டுப் பேரும் நம்பிட்டாக." திரும்பப் போட்டுக் கேட்கிறார்கள். முதல் போனில் குரல் கம்முகிறது, அடுத்ததில் வெறும் இரைச்சல். மூன்றாவதில் ஒவ்வொரு சொல்லும் அறைந்தாற்போல் விழுகிறது. அதை எடுத்து முந்தானையால் துடைக்கிறாள். "திருவிழா மைக்செட்டுல இத மாட்டலாமுல்ல?" "மாட்டலாம்க்கா. ஆனா ஊருக்கே கேக்கும்." "அதுக்குத்தான்யா வாங்குறேன்."