இன்னொரு டேக்

சிரிக்கட்டும், சிரிப்பதற்காகவாவது பார்ப்பார்கள் அல்லவா என்று ரஞ்சிதம் நினைத்துக்கொண்டாள்.

ஒப்பனைக்காரர் மறுபடியும் அவள் முகத்தில் பவுடரை அப்பினார்.

கோலாலம்பூரிலிருந்து வந்த சினிமாக்காரர்கள் தேயிலைச் சரிவின் ஓரத்தில் கூடாரம் அடித்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் மலைக்கு முகாம் வந்து அடிக்கும் கூத்துதான் கதை.

அப்படிப்பட்ட படங்களைத் தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டும்போதெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். கேன்டீனில் சண்டை, சைக்கிளில் காதல், வாத்தியாருக்குப் பட்டப்பெயர். எல்லாம் அவள் பள்ளியிலும் உண்டு. அவள் முகம் போன்ற ஒரு முகம்தான் அவற்றில் இருந்ததே இல்லை.

இந்தப் படத்தில் ஒன்று இருந்தது. இந்தியப் பெண் ஒருத்தி. பெயர்கூட வைக்கவில்லை.

முகமெல்லாம் பவுடரும் இரட்டைச் சடையில் சிவப்பு ரிப்பனுமாக அவள் கூடாரத்திலிருந்து வெளியே வர வேண்டும். மற்ற பிள்ளைகள் பேய் என்று அலறி ஓட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனாலும் ஒப்புக்கொண்டாள். டவுனில் படம் ஓடினால் லயத்துக் குடியிருப்பே லாரி பிடித்துப் போகும்.

“கண்ண நல்லா முழிச்சுக்கிட்டு வா தங்கச்சி. தியேட்டரே சிரிக்கும் லா,” என்றார் உதவி இயக்குநர் லியோனார்ட். படக்குழுவில் தமிழ் பேசும் ஒரே ஆள் அவர்தான்.

கண்ணாடியை நீட்டினார்கள். ஒரு கணம் பார்த்தாள். பிறகு, ரிப்பனைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பனி நன்றாக இறங்கியிருந்தது. சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கங்காணியும் அதட்டாமல் அவர்களோடு நின்றார். நடுவில், முதுகில் கூடையோடு, அம்மா பாஞ்சாலை.

இயக்குநர் கை காட்டினார். ரஞ்சிதம் கூடாரத்துத் துணியை விலக்கி வெளியே வந்தாள்.

பிள்ளைகள் அலறினார்கள். ஒருவன் வேண்டுமென்றே தடுக்கி விழுந்தான். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

சரிவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

“நீலா,” என்றாள் அம்மா.

கூடையைக் கழற்றிப் போட்டாள். செடிகளை விலக்கிக்கொண்டு நேராகக் கேமராவின் முன்னால் வந்து நின்றாள்.

நீலாவதி, ரஞ்சிதத்தின் அக்கா. போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனவள். கல்யாணம் ஆகாத பிள்ளை, சிங்காரித்து அனுப்ப வேண்டும் என்று லயத்துப் பெண்கள் சொன்னார்கள். அம்மாவுக்குக் கை எழவில்லை. ரஞ்சிதம்தான் அந்த முகத்துக்குப் பவுடர் போட்டாள், காய்ச்சலின் கறுப்பு தெரியாத அளவுக்கு. இரண்டு சடை பின்னி, சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டாள்.

கன்னத்தைத் தொட வந்த அம்மாவின் கை, பவுடர் கலைந்துவிடுமோ என்பதுபோல் பாதியில் நின்றது.

இயக்குநர் கைதட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். லியோனார்ட் ஓடி வந்தார்.

“அம்மா நல்லா நடிச்சாங்க லா. இதையும் படத்துல வச்சுக்கலாம்ங்கிறாரு. உள்ள போயிட்டு இன்னொரு தடவ வா தங்கச்சி.”

ரஞ்சிதம் அம்மாவைப் பார்த்தாள். இப்போது கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று காத்திருந்தாள்.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. கூடாரத்தின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போயிட்டு வாடி,” என்றாள். கெஞ்சும் குரல். “அவ நடந்து வர்றத இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துக்கிறேன்.”

கேமராக்காரர் தயாராக இருந்தார். பிள்ளைகள் அலறுவதற்காகத் தங்கள் இடங்களில் போய் நின்றார்கள்.

“இல்லம்மா,” என்றாள் ரஞ்சிதம்.

பக்கத்துத் தேயிலைச் செடியின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஓட்டினாள். பனி ஒட்டிக்கொண்டது. அம்மாவின் கண்ணெதிரிலேயே, தன் நெற்றியிலிருந்து பவுடரைத் துடைக்கத் தொடங்கினாள்.