சூரியன் கட்டிய கோட்டை

குமுளி பஸ்ஸுக்குள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தான் ஜோஷ்வா. ஆள் தெரியாமலிருக்க அவன் கண்டுபிடித்த வழி அது. கம்பம் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் அதற்காகவே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"கழட்டித் தொலைங்க. கூட்டம் கூடிரும்போல," என்றாள் பக்கத்திலிருந்த முத்துலட்சுமி. இரண்டு வீட்டிலும் வேண்டாமென்ற கல்யாணம், நாளைக்குக் குமுளியில். டிரைவரோ ஆற அமர டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முத்துலட்சுமியின் ஊரான ஓடைப்பட்டியிலிருந்து ஜீப் ஒன்று வந்து நின்றது. அவளுடைய அப்பா பிச்சைமணி இறங்கினார். பின்னாலேயே மூன்று சித்தப்பாமார், வேட்டியை மடித்துக் கட்டியபடி.

"கையில சிக்கட்டும்ணே, அவன் காலை ஒடிச்சிருவோம்."

ஹெல்மெட் கால்வரைக்கும் வராதே என்று ஜோஷ்வாவுக்கு இருந்தது.

"நீங்க தேனி வண்டிகளப் பாருங்கடா. இங்கன நான் பாக்குறேன்." பிச்சைமணி நேராகக் குமுளி பஸ்ஸுக்கு வந்து, கண்டக்டரிடம் மெதுவாக ஏதோ பேசினார். கண்டக்டர் திரும்பி ஹெல்மெட்டைப் பார்த்தார்.

முத்துலட்சுமி சீட்டுக்கடியில் பாதி போய்விட்டாள்.

டிரைவர் வந்து வண்டியைக் கிளப்பினார். அதற்குள் தம்பிமார் திரும்பிவிட்டார்கள். "அங்கன இல்லண்ணே. இந்த வண்டியையும் ஒரு எட்டுப் பாத்துருவோம்."

பிச்சைமணி சட்டென்று கையை உயர்த்தினார். "ஏலே கர்ணா, மேல பாரு. சூரியன் கோட்டை கட்டியிருக்கு."

உண்மைதான். உச்சிச் சூரியனைச் சுற்றிப் பெரிய ஒளி வட்டம். கோட்டை கட்டினால் மழை வரும்; மழை வந்தால் வெட்டுக்கு நிற்கிற திராட்சையெல்லாம் வெடித்துப்போகும். மூவரும் நெற்றியில் கை வைத்து அண்ணாந்துவிட்டார்கள்.

"இன்னைக்கே பெஞ்சிரும்ணே."

"காத்து அடிக்கிற அடியில எங்கிட்டுப் பெய்ய? நாளைக்குத்தான்."

"நாளைக்குத்தான்டா எனக்குப் பழம் வெட்டு."

பஸ் அவர்களை உரசுகிற மாதிரிக் கடந்தது. ஒரு தலையும் கீழே இறங்கவில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் முத்துலட்சுமி நிமிர்ந்து கண்ணைத் துடைத்தாள். "பாத்தீங்களா எங்கப்பாவ? மகளைத் தேடி வந்த எடத்துலயும் தோட்டத்து நெனப்புதான்."

ஜோஷ்வா கண்டக்டரிடம் ரூபாயை நீட்டினான். "ரெண்டு குமுளி."

கண்டக்டர் வாங்கவில்லை.

"ஹெல்மெட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் அப்பவே டிக்கெட் எடுத்துட்டாக தம்பி, வானத்தக் காட்டுனாகளே, அவுக."