ஆகாது

கேள்வி முடியும் முன்பே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

சிக்கல் அதுதான்.

ஈரோட்டில் ஒரு பிரசவ மருத்துவமனை. ஸ்கேன் அறைக்கு எதிரே, நடுவில் தடுப்பு வைத்த இரண்டு மேசைகள். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கும் ஒரு நிறுவனத்தினுடையவை. ஒன்றில் ஷெர்லின். மற்றதில் அவள். வேலைக்குச் சேர்ந்து மாதம்கூட ஆகவில்லை.

எதிரே நாற்காலி நுனியில் கோகிலவாணி, நிறைமாத வயிற்றோடு.

"பெரியவனுக்குத் தசை நோய்ங்க மேடம். போன வருசம் வரைக்கும் செவுத்தப் புடிச்சுட்டு நடந்தான். இப்ப அதுவும் இல்லீங்க. இந்தக் கொழந்தையோட கொடி ரத்தத்த எடுத்து வெச்சா அவனுக்குச் சரியாயிருமுங்களா?"

இதற்கு முன் அவள் இருந்தது பெங்களூரில் ஓர் ஆய்வகம். வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய ஸ்டெம் செல்களை ஆராயும் துறைக்கு இளம் விஞ்ஞானிகளை உருவாக்கும் பயிற்சி. அங்கே ஆய்வுக்கு அவளிடம் தந்தது இதே நோய்தான். முகம் தெரியாத ஒரு சிறுவனின் தோலிலிருந்து எடுத்த செல்கள். அவற்றை மாற்றி, தசையாக வளர்த்தாள். பலமுறை செத்தன. ஒருநாள் தட்டில், உயிருள்ள தசைபோலவே சுருங்கி விரிந்தன.

அன்று அவளுக்கு மதியச் சாப்பாடு மறந்துபோனது.

நாளைய மருத்துவம் உங்கள் கையில் என்றார் இயக்குநர். எல்லோரும் கைதட்டினார்கள்.

பயிற்சி முடிந்தது. நிதியும் முடிந்தது.

வேலை கேட்டு எழுதிய ஆய்வகங்களில் பாதி, அனுபவம் போதாது என்றன. மீதி பதிலே போடவில்லை. உடன் பயின்ற விவேகா நீட் வகுப்பில் உயிரியல் நடத்துகிறாள். விண்ணப்பத்தில் ஸ்டெம் செல் என்ற சொல்லைப் பார்த்ததும் இவளைக் கூப்பிட்டது இந்த நிறுவனம் மட்டும்தான்.

"ஆகாதுங்க்கா" என்றாள்.

கோகிலவாணி அசையவில்லை.

"கொடி ரத்தம் சில ரத்த நோய்க்கு உதவும். அதுல இருந்து தசை வராது. தசை வளக்கறது வேற முறை. நானே வளத்திருக்கேன்."

சொல்லியிருக்கக் கூடாது.

"வளத்தீங்களா?"

"தட்டுலதாங்க்கா. உடம்புல வெச்சு இன்னும்..."

"அப்பப் பண்ணத் தெரியுமில்லீங்க?"

அத்தனை கற்றுத் தந்தவர்கள் இந்தக் கேள்விக்கு எதுவும் கற்றுத் தரவில்லை.

கோகிலவாணி அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். பிறகு தடுப்பைப் பார்த்தாள்.

"நல்லாத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

எழுந்து அந்தப் பக்கம் போனாள்.

ஷெர்லின் படித்தது வணிகவியல். நிறுவனம் கொடுத்த பயிற்சி ஒரு வாரம். குரலில் தேன்.

"வாய்ப்பு இருக்குங்க்கா. சயின்ஸ் எங்கயோ போயிட்டிருக்கு. நாளைக்கு ஒண்ணு கண்டுபிடிச்சாங்கன்னா, அன்னிக்கு நம்ம கையில இருக்கணுமில்ல?"

தனித்தனியாக எடுத்தால் எந்தச் சொல்லும் பொய் இல்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

எழுந்தாள். தடுப்பைச் சுற்றிப் போய் நின்றாள்.

"அக்கா, பெரியவனுக்காகன்னா வேண்டாங்க்கா."

ஷெர்லின் மேசையைப் பார்த்துக்கொண்டாள். காதில் விழாதது போலக் கோகிலவாணி பேனாவை வாங்கினாள். நிதானமாக, ஓர் எழுத்தும் விடாமல், படிவத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

இவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். மேலாளருக்கு இது போகும். போகட்டும்.

கோபம் ஷெர்லின் மேல் இல்லை. கோகிலவாணி மேலும் இல்லை. யார் மேல் என்று தேடினாள். ஒருவரும் அகப்படவில்லை.

கோகிலவாணி தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தாள். வரும்போது இல்லாத தெளிவு முகத்தில். லிஃப்ட் பக்கம் நடந்தவள் நின்றாள். திரும்பி வந்து, அவள் தோளில் கை வைத்தாள்.

"புதுசாச் சேந்திருக்கியா கண்ணு?"

தலையாட்டினாள்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. போகப் போகக் கத்துக்குவ."