போயிட்டு வாங்க, முத்தையா

பொம்மை நோயாளியை வைத்துப் பாடம் நடத்தும் சான்றிதழ் கிடைக்காவிட்டால், நர்சிங் ஆசிரியை ஜெசிந்தா திங்கட்கிழமை முதல் கல்லூரிக்குள் காலடி வைக்க முடியாது. மதிப்பெண் போடுவதும் அந்தப் பொம்மையேதான். பெயர் முத்தையா. இருமும், புலம்பும், எழுந்து நடக்கும், சொன்னதைச் சொன்னபடியே நம்பும்.

ஜெசிந்தா ஊசி போட்டாள், காய்ச்சலை இறக்கினாள், கஞ்சி ஊட்டினாள். குணமான முத்தையாவை வாசல்வரை கொண்டுபோய், "போயிட்டு வாங்க ஐயா" என்றாள்.

முத்தையா கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, கட்டிலில் படுத்துக்கொண்டது.

"நீங்கதானம்மா வரச் சொன்னீங்க."

"நோயாளி திரும்பி வந்தா ஃபெயில்" என்றார் பயிற்சி இயக்குநர் டாக்டர் செங்குட்டுவன்.

மறுபடி முதலிலிருந்து ஊசி, காய்ச்சல், கஞ்சி. இம்முறை உஷாராக, "போங்க ஐயா" என்றாள். முத்தையாவின் முகம் சுண்டிப்போனது.

"மரியாதைக்கு சைபர்" என்றது.

"பிள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்லிக்குடுப்பீங்களா மேடம்?" என்றார் இயக்குநர். "இந்தப் பொம்மைக்குத் தமிழ் கத்துக்குடுத்தவன் நான். ஒரு வார்த்தை பிசகாது." பையை எடுத்துக்கொண்டு பொம்மையின் தோளைத் தட்டினார். "அப்ப நான் வரேன்."

"வாங்க" என்று முத்தையா நகர்ந்து இடம்விட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்தது. அடுத்த நொடி இயக்குநர் கட்டிலில் கிடந்தார், மணிக்கட்டில் நோயாளிப் பட்டையோடு.

"மேடம், விடச் சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

"டிஸ்சார்ஜ் பண்றது சிஸ்டர் கையிலதான்" என்றது முத்தையா. "என்னம்மா சொல்றீங்க?"

ஜெசிந்தா தலையணையைச் சரிசெய்து, போர்வையை இழுத்துவிட்டு, மிகப் பணிவாகச் சொன்னாள்:

"இருங்க சார்."

மரியாதைக்கு நூற்றுக்கு நூறு விழுந்தது.