பிரிவுபசார மடல்

“கால்பந்தாட்டம் உள்ளளவும் இம்மாவீரரின் திருநாமம் திண்டுக்கல் மண்ணில் ஒலிக்கும்!”

அச்சுக்கோப்பவர் மலைச்சாமி படித்துவிட்டுக் காதைச் சொறிந்தார். “இம்புட்டு நீளம் ஒரு வரியில அடங்காது பாய். மாவீரர்ல ‘மா’வை எடுத்துருவமா?”

“எடுத்துருங்க” என்றார் கிதர் முகம்மது.

மடல், ஓய்வுபெறும் ஓர் ஆட்டக்காரருக்கு. 1948 முதல் இந்த 1962 வரை, தோல்ஷாப் டீம் தொடங்கி அய்யலூர் டீம் முடிய, ஒன்பது டீம்களுக்கு ஆடியவர். எந்த டீமிலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமையோடு ஆட்டத்தை விடுகிறார். ஒரு மாலை, ஒரு மடல் இல்லாமல் அந்த மனுசன் வீடு திரும்பக் கூடாது என்பதில் கிதர் முகம்மது உறுதியாக இருந்தார்.

“டீம்காரங்க யாரும் வரலையா?”

“அவங்கவங்களுக்கு ஆயிரம் ஜோலி. யாராவது ஒருத்தர் செய்யணும்ல?”

“நல்ல மனசு பாய் உங்களுக்கு. கீழே யார் பேரைப் போட? கேப்டனா, செகரட்டரியா?”

“‘இங்ஙனம், அன்பு நண்பர்கள்’னு போடுங்க.”

“நண்பர்களுக்கு ஆளுக்கொண்ணு கொடுக்கணுமே. நூறு அடிக்கவா?”

“ஒண்ணு போதும்.”

மலைச்சாமி நிமிர்ந்து பார்த்தார். “சரி, ஆட்டக்காரர் பேரு?”

கிதர் முகம்மது வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் தன் பெயரைச் சொன்னார்.

மலைச்சாமி அதை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.