வாசலில் காவல்

ஒட்டுப்போட்ட அங்கியைத் தவிர வேறெதுவும் வேண்டாமென்று வாழ்ந்த துறவி பெரார்தோ, மோந்தேரா நகரத்தில் காய்ச்சலில் விழுந்தார். நகரத்தார் அவரைப் பஞ்சு மெத்தையில் கிடத்தி, கோழிச் சாறு ஊட்டி, வாசலில் ஈட்டிக்காரர்களையும் நிறுத்தினார்கள்.

"எனக்கெதுக்குய்யா காவல்? எங்கிட்ட திருட என்ன இருக்கு?"

"பக்கத்து ஊர் வால்பியானாக்காரனுங்களை நம்ப முடியாது சாமி. உங்களையே தூக்கிட்டுப் போயிருவானுங்க" என்றார் நகரத் தலைவர் குவால்தெரோ.

இவ்வளவு பாசமா என்று கிழவருக்குக் கண் கலங்கியது. அந்த நெகிழ்ச்சியிலேயே காய்ச்சல் விட்டது. காலையில் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"உங்க புண்ணியத்துல பிழைச்சுட்டேன். சொந்த ஊரு வால்பியானாவுக்குப் போயிட்டு வரேன்."

குவால்தெரோவின் முகம் தொங்கிப்போனது. ஈட்டிகள் குறுக்கே விழுந்தன.

"விளையாடுறீங்களா சாமி? அங்க போய் உயிரை விட்டுட்டீங்கன்னா? நாளைக்கு உங்களைப் புனிதர்னு அறிவிச்சதும், உங்க எலும்பைத் தொட்டுக் கும்பிட வர்ற கூட்டமெல்லாம் அவனுங்களுக்குல்ல போகும்! உங்க அளவுக்கு வெள்ளிப் பெட்டியே அடிச்சு வச்சாச்சு. பேசாம வந்து படுங்க."

"வெள்ளியா? எனக்குன்னு ஒரு சொத்தும் கூடாதுன்னு கர்த்தர்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேனேப்பா!"

"உங்களுக்குன்னு யாரு சொன்னா? பெட்டி ஊர்ச் சொத்து சாமி. நீங்களும்தான்."